கோலும் பெட்டியும்: லிபர்டேரியன் கொள்கை பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஒரு ஆடிட்டர், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். சில மாதமாக ஒரே பேச்சு: அரசின் அதிகாரத்தைக் குறைத்தால் பணக்காரர் ஆட்டம் குறையுமா, கூடுமா? புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் பழைய கேள்வியிலிருந்தே தொடங்குவதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். நான் இந்தக் கொள்கைக்கு வக்கீல் கிடையாது. ரங்கூனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையலுக்கு இருந்தவரின் பேரன். முதலாளி தரப்பும் அடுப்படித் தரப்பும் கேட்டு வளர்ந்தவன்.

லிபர்டேரியன் என்றால் யார்? தமிழில் என்ன சொல்வது?

சிலர் சுதந்திரவாதி என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நம் ஊரில் தியாகி பென்சன்தான் நினைவுக்கு வரும். அதனால் லிபர்டேரியன் என்றே எழுதுகிறேன்.

அடுத்தவர் உடம்பிலும் உடைமையிலும் கை வைக்காதவரை ஒருவரை அவர் போக்கில் விட வேண்டும், இந்த விதி அரசுக்கும் பொருந்தும் என்பது அடிப்படை. அதற்குமேல் இவர்களுக்குள்ளேயே பங்காளிச் சண்டை உண்டு. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் 1974இல் வைத்த வாதப்படி அரசு என்றால் காவல், நீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு, அவ்வளவுதான். பொருளியலாளர் ஹாயெக் அத்தனை கறார் இல்லை. பிழைக்க வழியில்லாதவருக்கு அரசு ஒரு குறைந்தபட்ச வருமானம் தரலாம் என்று ஒப்புக்கொண்டவர். அமெரிக்கப் பொருளியலாளர் முர்ரே ராத்பார்டு காவலையும் தனியாரிடம் விடலாம் என்றார். ஒருவர் தன்னை லிபர்டேரியன் என்று சொன்னால், இந்த மூன்றில் எந்த வீடு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வரி என்பதே திருட்டு என்கிறார்களாமே?

கறாரானவர்கள் சொல்கிறார்கள். நமக்கு அது புதுப் பேச்சு இல்லை. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்பது 552ஆவது குறள். வழிப்பறிக்காரன் வேலோடு நின்று கொடு என்பதும், அரசன் கோலோடு நின்று கேட்பதும் ஒன்று. எங்கள் திண்ணையில் இந்தக் குறளை எடுத்துவந்த பையனுக்கு அன்றைக்கு நல்ல கைதட்டல்.

ஆனால் அது கொடுங்கோன்மை அதிகாரத்துக் குறள். 756ஆவது குறளில் அதே வள்ளுவர் உறுபொருள், உல்குபொருள் என்று வேந்தனுக்கு உரிய வருமானத்தைப் பட்டியல் போடுகிறார். உல்கு என்றால் சுங்கம். ஆகவே வள்ளுவரை நோசிக் கட்சியில் சேர்க்க முடியாது. பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன யானைக் கதையும் (புறநானூறு 184) இதே இடத்தில்தான் நிற்கிறது: நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு வயலும் பல நாளுக்கு வரும், யானையே வயலுக்குள் இறங்கினால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரியே கூடாது என்று அவர் சொல்லவில்லை, அளவைச் சொன்னார். 2019இல் மத்திய பட்ஜெட் உரையிலேயே இந்தப் பாட்டு வந்தது. யானை தானே பாடிய மாதிரி இருந்தது என்றார் எங்கள் ஆடிட்டர்.

அரசைக் குறைத்தால் பணக்காரனுக்குத்தானே கொண்டாட்டம்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். லிபர்டேரியன்கள் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள்: பணக்காரர் அரசிடம் எதை வாங்குகிறார்? பர்மிட், உரிமம், ஏலம், இறக்குமதித் தடை, கடன் தள்ளுபடி. விற்க ஒன்றுமில்லாத கடைக்கு யாரும் வரமாட்டார்கள். மேசையில் சரக்கைக் குவித்து வைத்துவிட்டு, யாரும் கை நீட்டக் கூடாது என்று பலகை மாட்டுவதில் பயன் இல்லை என்பது இவர்கள் வாதம்.

இதற்கு நம் நாட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1951இன் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி குறிப்பிட்ட தொழில்களில் ஆலை தொடங்கவும் பெருக்கவும் டெல்லியில் உரிமம் வாங்க வேண்டும். பெரிய முதலாளிகளைக் கட்டுக்குள் வைக்கத்தான் என்றார்கள். 1960களில் பொருளியலாளர் ஆர்.கே. ஹசாரி ஆராய்ந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. பெரிய குழுமங்கள் உரிமங்களை மூட்டை மூட்டையாக வாங்கி, ஆலை கட்டாமலே வைத்துக்கொண்டு, அடுத்தவர் நுழையாமல் வாசலை அடைத்திருந்தன. வேலி பணக்காரரைச் சுற்றிப் போடப்பட்டது. உள்ளே அவர், வெளியே மற்றவர்கள். இதை ராஜாஜி முன்பே பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று பெயரிட்டு, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்தார். 1974இல் ஆன் க்ரூகர் என்ற பொருளியலாளர் ஒரு கணக்குப் போட்டார்: 1964இல் இந்தியாவில் இறக்குமதி உரிமம் முதலான அரசுக் கட்டுப்பாடுகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆதாயம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம். உழைத்துச் சம்பாதிப்பதைவிட உரிமத்துக்கு அலைவது லாபம் என்றால் புத்திசாலி எங்கே போவான்?

இன்னொரு கதை முந்த்ரா ஊழல். 1956இல் 245 காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த வருடமே அதிலிருந்து சுமார் 1.24 கோடி ரூபாய் ஹரிதாஸ் முந்த்ரா என்ற ஒரே முதலாளியின் நிறுவனப் பங்குகளில் போனது. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கிளப்பினார், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார். பல பெட்டிகளில் பிரிந்து கிடந்த பணம் ஒரே பெட்டிக்கு வந்ததும், சாவிக்காரரைப் பிடித்தால் போதும் என்றாகிவிட்டது.

தமிழ்நாட்டில் மது மொத்த விற்பனை 1983இலிருந்து அரசு நிறுவனத்திடம். சில்லறையும் 2003இல் அங்கேயே போனது. ஆற்று மணலும் அதே 2003இல்தான். மதுவில் எந்த ஆலைச் சரக்கு எத்தனை பெட்டி என்று எழுதும் பேனா ஒன்றே ஒன்று. எங்கள் பட்டறைக்காரருக்கு மணல்தான் உயிர். டைல்ஸுக்கு ஒரு லோடு வேண்டுமென்றால் தான் யார் யாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அவர் விரல் விட்டு எண்ணுவார், இரண்டு கையும் போதாது.

செட்டிநாடு இந்தக் கொள்கைக்கு நல்ல உதாரணமா?

பாதி. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், தங்கள் காரியங்களை அரசனைக் கேட்டு நடத்தவில்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். கல்யாணமானவர் ஒவ்வொருவரும் தம் கோயிலில் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. சரக்கின் மேல் மகமை. இந்தப் பணத்தில் கோயில், ஊருணி, பாடசாலை, காசி வரைக்கும் விடுதி. ஜெயில் இல்லை, ஜப்தி இல்லை. தன்னாட்சி என்று மேல்நாட்டில் ஏடு ஏடாக எழுதுவதை இவர்கள் பேரேட்டில் செய்தார்கள்.

தொழிலும் அப்படித்தான். பெட்டியடியில் (கடையில் பணப்பெட்டி இருக்கும் இடம்) பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி ஐந்தொகை (இருப்புக் கணக்கு) எழுதுகிறவரை எல்லாம் நம்பிக்கையில் ஓடியது. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. 1969 ஜூலை 19 அன்று ஓர் அவசரச் சட்டத்தில் அது அரசுடைமை ஆனது. 50 கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. சுதந்திராக் கட்சியின் ஆர்.சி. கூப்பர் வழக்குப் போட்டு 1970 பிப்ரவரியில் வென்றார். உச்ச நீதிமன்றத்தில் 11 நீதிபதிகளில் 10 பேர் அவர் பக்கம். சில நாளில் அரசு வேறொரு அவசரச் சட்டம் கொண்டுவந்து வங்கிகளை எடுத்துக்கொண்டது. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா அந்தப் பட்டியலில் இல்லை; அது 2001இல் ஐசிஐசிஐயோடு இணையும்வரை தனியாகவே ஓடியது. லிபர்டேரியன்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கும் ரத்தம் சூடாகும்.

அந்தப் பாதி அங்கே முடிகிறது. புள்ளி வரி கட்டாயமில்லை என்பார்கள். கட்டாதவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வராது என்றால் அது எந்த வகை விருப்பம்? ரங்கூன் முகல் தெருவில் செட்டியார்கள் மாதமொருமுறை கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். ஒரே தொழில்காரர்கள் கூடினால் பேச்சு விலையை உயர்த்தும் சதியில் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எச்சரித்திருக்கிறார். இதற்கு லிபர்டேரியன் பதில்: அரசு முத்திரை இல்லாத கூட்டணி நிலைக்காது, ஒருவர் குறைத்துக் கொடுத்தால் உடைந்துவிடும். கொஞ்சம் உண்மைதான். கடன் வாங்க வந்த பர்மிய விவசாயிக்கு அந்த உடைப்புக்காகக் காத்திருக்க அடுத்த விதைப்பு வரை நேரம் இருந்ததா என்பது என் தாத்தா அடுப்படியிலிருந்து கேட்ட கேள்வி.

பர்மாவில் என்னதான் நடந்தது?

1876இல் கீழ் பர்மாவுக்கு ஒரு நிலச் சட்டம் வந்தது. 12 வருடம் தொடர்ந்து நிலத்தை வைத்திருந்து வரி கட்டியவருக்கு உரிமை. அதை விற்கலாம், அடகு வைக்கலாம். உரிமை என்று வந்தால்தானே அதன்மேல் கடன் கொடுக்க முடியும்? செட்டியார் பணமும் பர்மியர் உழைப்பும் சேர்ந்து சதுப்புக்காடு நெல்வயலாகி, உலகத்துக்கே அரிசி போனது. இதுவரை யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஏட்டில் எழுதியபடி சந்தை.

1930இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம்; 1938இல் 25 சதவீதம். அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டும். ஆனால் நிலத்தை இழந்தவருக்கு இந்த வித்தியாசம் என்ன புரியும்? பிறகு ஜப்பான்காரன் குண்டு, உயிர் தப்ப இந்தியாவுக்கு நடைப்பயணம், 1948இன் நில நாட்டுடைமைச் சட்டம், 1962இல் நெ வின் ராணுவ ஆட்சி, 1964இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. பெட்டியோடு போனவர்கள் கட்டிய துணியோடு வந்தார்கள்.

இதே கதையை இரண்டு விதமாக வாசிக்கலாம். அளவில்லாத அதிகாரம் உள்ள அரசு ஒரே கையெழுத்தில் ஒரு சமூகத்தின் சொத்தைத் துடைத்தது என்பது ஒரு வாசிப்பு, அது சரி. அந்தச் சொத்தே வெள்ளைக்காரன் சட்டமும் கோர்ட்டும் ஜப்தி அமீனாவும் பின்னால் நின்றதால் வந்தது என்பது இன்னொன்று, அதுவும் சரி. காவலும் நீதிமன்றமும் மட்டும் உள்ள சின்ன அரசு என்கிறார்களே, கீழ் பர்மாவில் செட்டியாருக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டும்தான். கடன்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சின்ன அரசாகத் தெரிந்திருக்காது.

ஏம்ப்பா, கவர்ன்மென்ட் வேண்டாம்னா ரோடு யாரு போடுவா?

இதைக் கேட்டது எதிர்வீட்டு ஆச்சி. ரோட்டைவிடத் தண்ணீரைச் சொன்னால் இங்கே நன்றாகப் புரியும். மழை குறைந்த சீமை இது. ஊருணிகளை வெட்டியதில் பெரும்பங்கு ஊர்க்காரர்கள். வீட்டுக் கூரையில் விழும் மழையைக்கூட முற்றத்தில் பிடித்தார்கள். ஆனால் ஊருணி நிறைய வேண்டுமென்றால் மேலேயுள்ள வரத்துக்கால் நாலு ஊரைக் கடந்து வர வேண்டும். அதில் ஒருவர் வீடு கட்டினால் கீழூர்க்காரர் யாரிடம் போவார்? வரத்துக்காலைக் காக்க ஊருக்கு மேலே ஒரு அதிகாரம் வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரமே சில சமயம் வரத்துக்காலில் பட்டா கொடுக்கிறது என்பதும் உண்மை. ஆச்சிக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

தேர்தலில் பணம் விளையாடுவதற்கு இவர்கள் சொல்லும் வழி என்ன?

இங்கே இவர்கள் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். தன் பணத்தை ஒரு கருத்துக்குச் செலவழிப்பதும் பேச்சுரிமைதான் என்பது பெரும்பாலோர் நிலை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கு வழிவிட்டபோது வரவேற்றார்கள். அதற்கும் முன்னால், 1976இல் வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைச் செலவழிக்க வரம்பு கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1980இல் லிபர்டேரியன் கட்சி டேவிட் கோக் என்ற பெரும் பணக்காரரைத் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. மற்றவர்கள் கட்சிக்குக் கொடுக்க வரம்பு உண்டு, வேட்பாளர் தன் பணத்தைப் போட வரம்பு இல்லை என்பதுதான் காரணம். அவர் போட்ட அத்தனை பணத்துக்கும் கிடைத்தது ஒரு சதவீதச் சொச்சம் ஓட்டு. பணம் எல்லாவற்றையும் வாங்காது என்று அவர்கள் சிரிப்பார்கள். கட்சியின் வேட்பாளர் இடத்தையே வாங்கியதே என்று நான் கேட்பேன்.

நம் நாட்டில் 1969இல் நிறுவன நன்கொடையைத் தடை செய்து, 1985இல் தடையை எடுத்தார்கள். தடை இருந்த நாளில் பணம் நிற்கவில்லை, சூட்கேஸில் போனது. 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் வங்கியில் மட்டும் விற்பனை, கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. சுமார் 16,500 கோடி ரூபாய்க்கு விற்ற பிறகு 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கொடுத்தவர் யார் என்பது மக்களுக்குத் தெரியாமலும், அரசுக்கு எட்டக்கூடிய தூரத்திலும் இருந்த ஏற்பாடு அது. இதில் நான் லிபர்டேரியன்களோடு முழுவதும் ஒத்துப்போகிறேன்: அமலாக்கமும் ஒப்பந்தமும் ஒரே கையில் இருந்தால், கொடுப்பது நன்கொடையா கப்பமா என்று கொடுப்பவருக்கே தெரியாது.

ஓட்டுக்குக் காசு பற்றிக் கேட்டால் அவர்களிடம் சரக்கு குறைவு. அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016இல் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள், 2019இல் வேலூரில். ஐந்து வருடத்தில் திரும்ப எடுக்கும் நம்பிக்கை இருப்பதால்தான் வேட்பாளர்கள் முதல் போடுகிறார்கள், எடுக்கும் வழியை அடை என்பார்கள் லிபர்டேரியன்கள். சரி. அதுவரை?

சாதிக்கு இந்தக் கொள்கையில் என்ன மருந்து?

மெல்லிய மருந்துதான். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேர். எந்தச் சாதிக்கு வடம் பிடிக்கும் உரிமை என்பதில் 1998இல் தகராறு முற்றியது. பல வருடம் தேர் ஓடவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. ஊரே பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தால் தேர் நிலையிலேயே நின்றிருக்கும், அல்லது சிலர் மட்டும் இழுத்திருப்பார்கள். அரசு விலகிய இடத்தில் சுதந்திரம் தானாக வந்து உட்காராது. அங்கே ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

வரிக்குப் பதிலாகக் கொடை போதுமா?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தது. கவனியுங்கள், அது கொடையும் அரசும் கைகோத்தது. கொடை மட்டும் இல்லை. ராஜா அண்ணாமலை செட்டியாரின் கொடையில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் மாநில அரசு எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது.

கொடையின் நிழலில் படித்து வந்தவன் நான், குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் சிதம்பரத்துக்குப் பல்கலைக்கழகம், காரைக்குடிக்கு ஆய்வகம் என்று முடிவு செய்தவர் கொடுத்தவர். கொடையாளர் பிறக்காத ஊர்கள் என்ன செய்தன?

இந்தியாவில் லிபர்டேரியன் கட்சி உண்டா?

சுதந்திராக் கட்சி அதற்கு ஓரளவு கிட்ட வந்தது. 1967இல் மக்களவையில் 44 இடம். 1974இல் கரைந்துவிட்டது. இன்று புதிதாகத் தொடங்க நினைத்தால் ஒரு வேடிக்கை உண்டு: 1989 முதல், பதிவு செய்யும் கட்சி சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பணக்காரர் ஆதிக்கத்தையும் எதிர்க்கும் லிபர்டேரியன்கள் இல்லையா?

இருக்கிறார்கள், அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுதினார்: உழைப்பின் மேல் வரி வேண்டாம், கடையின் மேல் வேண்டாம், நிலத்தின் மதிப்பின் மேல் மட்டும் போடு. நிலத்தை யாரும் உண்டாக்கவில்லை, பக்கத்தில் ரோடு வந்ததால் ஏறிய விலை உரிமையாளரின் வியர்வையும் இல்லை. இன்றைய இடதுசாரி லிபர்டேரியன்கள் சிலர் இந்த வழிக்காரர்கள். காரைக்குடியில் பைபாஸ் ஓரம் மனை வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களிடம் இதைச் சொன்னேன். அன்றைக்குப் பேச்சு சீக்கிரம் முடிந்தது.

கூட்டத்துக்கு நாங்களும் வரலாமா? கட்டணம் உண்டா?

வரலாம், கட்டணம் இல்லை. டீ மட்டும் அவரவர் காசு. முன்பு ஒரு பெரியவர் எல்லாருக்கும் தானே கொடுத்துவந்தார், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பார்த்தால் என்ன பேசுவது என்பதையும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.